வகுப்பறைக்குத் திரும்பட்டும் தலைமையாசிரியர்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் காவு வாங்கியபோது, காவல் துறை வாகனங்கள் வழக்கம்போல் கல்வராயன் மலையை நோக்கி விரைந்தன. அங்கே சாராய ஊறல்கள் கொட்டி அழிக்கப்பட்டன. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என அடிப்படை வசதிகள் எல்லாம் விவாதத்துக்கு வந்தன. மாற்று வாழ்வாதாரம் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. ஆனால், படிப்பை விட்டுவிட்டுக் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ கூலி வேலைக்குக் கிளம்பும் ஒரு பையன் கடைசியாக உட்கார்ந்திருந்த இடம் ஒன்பதாம் வகுப்பு பெஞ்சாக இருக்கலாம். அந்த வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கல்வராயன் மலையில் ஜாகீர் முறை ஒழிந்தது 1976-ல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலருக்கு, ஜாகீருக்கு ஊழியம் பார்த்தது தாத்தா பாட்டி தலைமுறை. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை, டியூஷன் இல்லை. பள்ளிக்கூடம் கைவிட்டால் வேறு கை இல்லை.

அந்தப் பள்ளியில் உயர்நிலை வகுப்புதான் எல்லோரும் மறந்த இடம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மாநில அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. அறிவியல், கணிதச் செயல்பாடுகளுக்கான ‘வானவில் மன்றம்’ ஆறு முதல் எட்டு வரை. அடிப்படைத் திறன்களில் பின்தங்கியவர்களுக்கான ‘திறன்’ இயக்கம் ஒன்பதாம் வகுப்பைத் தொட்டிருப்பது வரவேற்கத்தக்கது. அதற்கு மேல் பொதுத்தேர்வு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ‘மெல்லக் கற்போர்’ பட்டியல், குறைந்தபட்சக் கற்றல் கையேடு, காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, தினம் ஒரு சிலிப் டெஸ்ட். எப்படியாவது 35 மதிப்பெண்.

அந்த 35-ஐ யாரும் ஏளனம் செய்ய முடியாது. பாலிடெக்னிக்கானாலும் காவலர் தேர்வானாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் கதவு திறக்காது. ஆனால் வினாக்களின் விடைகளை மனப்பாடம் செய்து தேறியவர், பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் புத்தகத்தைப் பிரித்ததும் தடுமாறிப்போகிறார். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்த மகிழ்ச்சியில் இந்தத் தடுமாற்றம் கணக்கில் வருவதே இல்லை.

மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்பது ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல். ஆர்வம் எங்கே தொலைகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ என்றொரு பாடம் இருக்கிறது. ஆர்க்கிமிடிஸ் தத்துவம், மிதப்பு விசை, அடர்த்தி எல்லாம் கரும்பலகையில் ஒரு முகவையாக வரையப்பட்டு, வரையறையாக எழுதிப்போடப்பட்டு முடிந்துவிடும். அதே மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு, சேகோ ஆலைக்குப் போனதும் மாவுச்சத்து ‘பாயிண்ட்’ பார்த்துத்தான் விலை பேசப்படுகிறது. கிழங்கைக் காற்றில் ஒரு முறையும் தண்ணீருக்குள் ஒரு முறையும் எடைபோட்டால் அடர்த்தி தெரியும். அடர்த்தியை வைத்து மாவுச்சத்தைக் கணிக்கலாம். பாயிண்ட் குறைவு என்று சொல்லி ஆலை விலையைக் குறைத்ததாக அப்பா திண்ணையில் குமுறுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. கற்பிக்கும் விதத்தை மாற்ற, பள்ளியில் ஒருவர் முன்னால் நின்றால் போதும்.

அந்த ஒருவர் தலைமையாசிரியராகத்தான் இருக்க முடியும். அவருக்கு நேரம் எங்கே? மலையில் பல, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் பள்ளி ஆசிரியர்களே சேர்த்துச் சுமக்கும் ஏற்பாடு அங்கே பரவலாக இருக்கிறது. அரிசி இருப்பு, காய்கறிப் பில், காய்ச்சலில் படுத்த பிள்ளை, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, உதவித்தொகைப் படிவம் என்று நாள் ஓடிவிடுகிறது. சக ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து, மாலையில் அதைப் பற்றிப் பேச நேரம் மிஞ்சுவதில்லை.

துறைகளின் சுவர் இன்னொரு தடை. ஒரே மலையில் பள்ளிக் கல்வித் துறைப் பள்ளி, பழங்குடியினர் நலத் துறைப் பள்ளி, வெள்ளிமலையில் ஒன்றிய அரசுத் திட்டத்தில் இயங்கும் ஏகலைவா பள்ளி என மூன்று நிர்வாகங்கள். பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023-24 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது, எதிர்ப்புகளும் எழுந்தன. பழங்குடியினருக்கென உள்ள விடுதிகளும் நிதியும் கரைந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. அதற்காகக் கற்பித்தலும் தனித்தனித் தீவுகளாக இருக்க வேண்டியதில்லை. சொத்தும் நிதியும் அந்தந்தத் துறையிடமே இருக்கட்டும். பயிற்சியும் கல்விசார் ஆய்வும் ஒன்றாகட்டும்.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் 2025-ல், கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பக்கத்திலுள்ள கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் சென்னை ஐஐடியில் இடம்பிடித்தார். மாநிலமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகள் நடத்துவதும் நல்ல முயற்சியே. ஆனால், தேர்ந்தெடுத்த சிலரை வேறிடம் கொண்டுபோய் வளர்ப்பதால் அவர்கள் விட்டுவந்த பள்ளி மாறிவிடாது.

மேலிருந்து வரும் உத்தரவாலும் அது மாறாது. செயல்வழிக் கற்றலின் வரலாறே இதற்குச் சான்று. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துவந்த சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த 2003-ல் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கினர். கற்றல் அட்டைகளை அவர்களே உருவாக்கினர், திருத்தினர். 2007-08-ல் மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் பரப்பப்பட்டபோது, பல பள்ளிகளுக்கு அது மேலிருந்து வந்த இன்னொரு சுற்றறிக்கை ஆனது.

ஆகவே கல்வராயன் மலையில் சிறிதாகத் தொடங்கலாம். மலையில் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தனிக் காப்பாளர்களை நியமித்து, தலைமையாசிரியரையும் ஆசிரியர்களையும் விடுதிப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு இடமாற்றமில்லை என்ற நிபந்தனையோடு விருப்பமுள்ளவர்களை அங்கே அமர்த்தி, குடியிருப்பும் மலைப்படியும் முறையாகத் தர வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளுக்கு அவர்களிடம் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு விளக்கக் குறிப்பாணை அனுப்பக் கூடாது; ஒன்பதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டை எட்டினார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். மாதம் ஒரு நாள் மூன்று நிர்வாகங்களின் ஆசிரியர்களும் வெள்ளிமலையில் கூடிப் பாடவாரியாகத் திட்டமிட, பயணப்படியுடன் பணிநாளாக அதை அறிவிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் முதன்மைக் கல்வி அலுவலரும் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலரும் கூட்டாக இதற்குப் பொறுப்பேற்கலாம். பொதுமாறுதல் கலந்தாய்வு தொடங்கும் முன்பே அரசாணை வந்தால்தான் ஜூனில் பள்ளி திறக்கும்போது மலைப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இருப்பார்கள்.