பெயர்ப் பட்டியலில் இடமுண்டு, மஷூராவில் இடமுண்டா?



பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள், நலன்விரும்பிகள். பத்து வருடத்துக்கு முன் படித்துவிட்டுப் போனவருக்கு அங்கே கதிரை இருக்கிறது. இன்று அந்த வகுப்பறையில் வியர்த்துக்கொண்டு இருக்கும் பிள்ளைக்கு இல்லை. மலசலகூடம் திருத்துவதா, வாசலில் வரவேற்பு வளைவு கட்டுவதா என்று பேச்சு வந்தால், எது அவசரம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அறைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

மாணவர் பாராளுமன்றம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகள் எடுக்கும் தீர்மானம் அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கு ஒரு பதிலும் திரும்பி வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அது இன்னொரு பாடசாலை விழா மட்டும்தான்.

நாட்டிலும் இதே கதைதான். 1989இல், நாடு வாலிபர்களை இழந்துகொண்டிருந்த காலத்தில், இளைஞர்களின் குறைகளை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் பிறகு, உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவில் 40 வீதம் இளைஞர்கள் இருக்க வேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. 2012இல் அந்தக் கட்டாயம் போனது. 2023இல் 25 வீதமாகத் திரும்பி வந்தது.

நல்லதுதான். ஆனால் பெண்களுக்கான 25 வீதம் சபை உறுப்பினர்களின் எண்ணிக்கையில் சொல்லப்பட்டிருக்கிறது. இளைஞர்களுக்கான 25 வீதம் வேட்புமனுவோடு நின்றுவிடுகிறது. 2025 தேர்தலில், இளைஞர் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சம்பந்தமான பிரச்சினையால் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை போனது. அவர்களுடைய வயதைப் பற்றி நாடே பேசியது. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யார் கேட்டார்கள்?

பிரதேச சபையின் வேலை என்ன? நூலகம், விளையாட்டு மைதானம், வீதி விளக்கு. மூன்றையும் அதிகம் தேடுபவர்கள் நம் பிள்ளைகள். மாலை வகுப்பு முடிந்து வரும்போது நூலகம் திறந்திருக்கிறதா? எந்த ஒழுங்கையில் விளக்கு இல்லாததால் பெண் பிள்ளைகள் சுற்றிப் போகிறார்கள்? இதற்கு நிபுணர் அறிக்கை வேண்டியதில்லை. ஒரு உயர்தர வகுப்பில் கேட்டால் அரை மணி நேரத்தில் பட்டியல் வந்துவிடும்.

“அதுகளுக்கு என்ன அனுபவம்?” என்பார்கள் நம் பெரியவர்கள். உமர் (ரழி) அவர்கள் தங்கள் சபையில் பத்ர் ஸஹாபாக்களோடு இளைஞரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களையும் அமர்த்தினார்கள். நமக்கும் இந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்டார்கள். உமர் (ரழி) அவர்கள் வாதாடவில்லை. ஸூரத்துந் நஸ்ரின் கருத்தை எல்லோரிடமும் கேட்டார்கள். அது நபி (ஸல்) அவர்களின் வபாத் நெருங்குவதைச் சொல்கிறது என்று விளக்கியவர் அந்த இளைஞர்தான்.

இந்தச் சம்பவத்தை பயான்களில் சொல்கிறோம். பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு ஆள் தெரியும்போது மறந்துவிடுகிறோம். கந்தூரிக்குப் பந்தி பரிமாறவும், சிரமதானத்துக்கு மண்வெட்டி பிடிக்கவும் வாலிபர்கள் வேண்டும். கணக்கு வாசிக்கும்போது மட்டும் வேண்டாமா?

நான் பெரிய மாற்றம் கேட்கவில்லை. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு மாணவர்களை அழையுங்கள், ஒருவர் பெண் பிள்ளையாக இருக்கட்டும். பிரதேச சபை உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் ஒருநாள் பாடசாலைக்கு வரட்டும், பரிசு கொடுக்க அல்ல, கேட்க. நிர்வாக சபைகள் முப்பது வயதுக்குக் குறைந்த இருவரையாவது சேர்க்கட்டும்.

பிள்ளைகள் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதில்லை. முடியாததை ஏன் முடியாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் மஷூராதான்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஆகக் குறைந்த வயதுடையவருக்கு எத்தனை வயது? கீழே எழுதுங்கள், பார்ப்போம்.