வெட்டப்பட்ட வரிகள்

கம்பத்தில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், செல்போனில் ஒரு காட்சியைக் காட்டிக் கேட்டான்: "ஹிட்லருக்கு வழிகாட்டினதே டார்வின்தானாமே சார்?"

2008இல் அமெரிக்காவில் வெளியான 'எக்ஸ்பெல்டு' ஆவணப்படத்தின் துண்டு அது. தொகுத்து வழங்குபவர் நடிகர் பென் ஸ்டைன். பரிணாமத்தைச் சந்தேகிக்கும் விஞ்ஞானிகளைப் பல்கலைக்கழகங்கள் விரட்டுகின்றன என்று புகார் சொல்லும் படம், நாஜிகளின் கொலைக்கூடம் வரை போய் டார்வின் மேல் பழி போடுகிறது.

பரிணாமத்தை மறுத்துப் படம் எடுக்க யாருக்கும் உரிமை உண்டு. என் கோபம் எடுத்த விதத்தின் மேல்தான். பரிணாமத்தை ஆதரித்துப் பேசும் ரிச்சர்ட் டாக்கின்ஸ், பி.இசட். மையர்ஸ், யூஜினி ஸ்காட் ஆகியோரிடம் படத்துக்கு 'கிராஸ்ரோட்ஸ்' என்று வேறு பெயர் சொல்லி, அறிவியலும் மதமும் சந்திக்கும் இடத்தைப் பற்றியது என்று நம்பவைத்துப் பேட்டி வாங்கினார்கள். பிறகு மினசோட்டாவில் முன்னோட்டக் காட்சிக்கு வந்த மையர்ஸை, படத்தில் பேசுகிற அதே மனிதரை, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

இதைவிட மோசம் ஒரு மேற்கோள். 1871இல் வெளிவந்த, மனிதனின் தோற்றம் பற்றிய நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில், நாகரிகச் சமூகம் நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் காப்பாற்றுவதால் பலவீனமானவர்களும் சந்ததி பெருக்குகிறார்கள் என்று டார்வின் எழுதுகிறார். ஸ்டைன் அதை வாசித்து அங்கேயே நிறுத்திவிடுகிறார். டார்வின் நிறுத்தவில்லை. ஆதரவற்றவர்களுக்கு உதவுவது நம் இயல்பான இரக்கம், அதை அடக்கினால் நம்மிடம் இருக்கும் உயர்ந்த குணமே கெட்டுப்போகும் என்று தொடர்ந்து எழுதுகிறார். அவர் காலத்து இனப் பார்வை அவர் எழுத்திலும் உண்டு. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்னதை மறைத்துவிட்டு, சொல்லாததற்குத் தண்டனை கொடுப்பது அயோக்கியத்தனம்.

அந்தப் பையன் ஏமாந்ததில் எனக்கு வியப்பில்லை. நம் நாட்டில் பாடநூலிலேயே கத்தரி விழுந்திருக்கிறது. 2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை, டார்வின் கொள்கை தவறு என்றார். மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலில் மரபும் பரிணாமமும் சேர்ந்திருந்த பாடம் மரபு மட்டுமாகச் சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். அந்த நூலைப் படித்து, பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு இனி பரிணாமப் பாடமே கிடையாது.

பரிணாமத்தின் சான்றுக்கு லண்டன் போகவேண்டியதில்லை. கம்பம்மெட்டு ஏறி நம் பெண்கள் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்களே, அந்த இடுக்கி மலைகளில் ஊதாத் தவளை இருக்கிறது. வருடம் முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணை தேடி வெளியே வரும். 2003இல் ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பாசியட்டும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவுகள் கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் வேறு தவளைக் குடும்பங்கள் அல்ல. கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் வாழும் சின்னஞ்சிறு தவளைகள். உப்புநீரில் தவளைகள் பொதுவாக நீந்திப் பிழைக்காது. ஆனால் ஒரு காலத்தில் இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலம், சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நிலத்தின் வரலாறும் மரபணுவின் வரலாறும் தனித்தனியாக ஒரே கதையைச் சொல்கின்றன. இதை வெட்டி ஒட்ட எந்தப் படத்தொகுப்பாளராலும் முடியாது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? திராட்சைப் பந்தலில் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கிற மருந்து சில வருடம் கேட்கும், பிறகு கேட்காது. மருந்துக்குத் தப்பிய கிருமிதான் அடுத்து பெருகுகிறது. இயற்கைத் தேர்வு என்று டார்வின் சொன்னது இதைத்தான்.

என்.சி.இ.ஆர்.டி. நூலை நடத்தும் தேனி மாவட்டத்து சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று முழுப் பாடமே இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வுக்கு வராவிட்டாலும், இரண்டு பீரியட் ஒதுக்கி அதை நடத்துங்கள்.