முதலில் பிரதி, பிறகு புதுப்பொலிவு

திருச்சியில் ஒரு சிறிய அச்சகத்தை இழுத்து மூடியபோது அதன் உரிமையாளர் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே 38 ஃப்ளாப்பிகள். 1990களின் பிற்பாதியில் அவர் கடையில் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) செய்த சிற்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகைகள், பணம் வராததால் அச்சாகாமல் நின்றுபோன ஒரு தலபுராணம். யூஎஸ்பி டிரைவில் ஒவ்வொன்றாகச் செருகினேன். பதினொன்று கறகறவென்று அரைத்ததோடு சரி. மற்றவற்றில் இருந்த பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க ஒரு பழைய கணினியைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. திறந்தால், ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நின்றன. பாமினியில் அடித்தது. அந்த எழுத்துருவைப் போட்டதும் அம்மா வந்துவிட்டாள்.

பழைய கணினிகளோடு மல்லுக்கட்டுவதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் டூம்ஸ்டே வட்டுகளின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

1086இல் முதலாம் வில்லியம் மன்னர் இங்கிலாந்தில் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கணக்கெடுத்து எழுதுவித்த ஏடுதான் டூம்ஸ்டே புத்தகம். அதன் 900ஆம் ஆண்டான 1986இல், அதே போன்றதொரு கணக்கெடுப்பை பிபிசி நிறுவனம் கணினியில் ஏற்றியது. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையே தங்கள் ஊரைப் பற்றி எழுதவும் படமெடுக்கவும் சொன்னார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். எல்லாம் இசைத்தட்டு அளவிலான இரண்டு லேசர் வட்டுகளில் ஏறின: ஊர்ப் பக்கங்கள் ஒன்றில், மற்றவை இன்னொன்றில். அவற்றைப் பார்க்க பிபிசி மாஸ்டர் கணினியும் பிலிப்ஸின் தனி வகை வட்டுக் கருவியும் வேண்டும். விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. எந்தப் பள்ளி வாங்கும்? எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் தாங்கள் எழுதிய பக்கத்தைத் திரையில் பார்க்கவே இல்லை.

2002 வாக்கில், அந்தக் கருவிகள் அருகிப்போய், வட்டுகளை இனிப் படிக்கவே முடியாதோ என்ற பதற்றம் எழுந்தது. தோல் ஏடு 900 ஆண்டு நின்றது, லேசர் வட்டு 15 ஆண்டுகூடத் தாங்கவில்லை என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. இந்தக் கிண்டலில் பாதிதான் உண்மை. அந்தத் தோல் ஏட்டில் இருப்பது சுருக்கெழுத்துகள் மண்டிய லத்தீன். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தலைமுறை தவறாமல் இருந்துவந்ததால்தான் அது வாழ்கிறது. 1783இல் அதை அச்சிட்டபோது, அந்தச் சுருக்கக் குறிகளை விரித்து எழுதி எளிமைப்படுத்தவில்லை. குறிகளை உள்ளபடியே காட்டுவதற்கென்று தனி அச்செழுத்துகளை வார்த்தார்கள். விரிவுரை யாரும் பின்னால் எழுதிக்கொள்ளலாம், மூலம் கை படாமல் இருக்கட்டும் என்பதுபோல ஒரு வேலை அது. என் கட்சியும் அதுதான். வட்டுகள் விஷயத்தில் இந்தப் புத்தி வருவதற்கு வெகுகாலம் ஆனது.

2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, பிபிசி கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றைச் செய்து வட்டின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டின. 2004இல் ஒரு தனிமனிதர் தம் சொந்த முயற்சியில் ஊர்ப் பக்கங்களை இணையத்தில் ஏற்றினார். 2008இல் அவர் இறந்தார், தளமும் மறைந்தது. 2011இல் பிபிசியே களமிறங்கியது. புதுப்பொலிவோடு ஒரு தளம். 25 ஆண்டுகளில் தங்கள் ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று மக்களே சேர்த்து எழுதவும் அதில் வசதி. ஆனால் அதில் ஏறியது ஊர்ப் பக்கங்கள் இருந்த வட்டு மட்டும்தான். இன்னொரு வட்டு ஏறவில்லை. 2018இல் அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் அதன் நகலை எடுத்துவைத்திருக்கிறது. வட்டைக் காப்பாற்ற வந்த தளத்தையே இன்னொருவர் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அதுவும் ஏழே வருடத்தில்.

உருப்படியான வழியைக் காட்டியவர்கள் பழங்கணினி ஆர்வலர்கள். அவர்கள் உருவாக்கிய ‘டூம்ஸ்டே டூப்ளிகேட்டர்’ என்ற சிறு மின்சுற்றுப் பலகை, வட்டிலிருந்து எழுத்தையோ படத்தையோ எடுப்பதில்லை. லேசர் வட்டின் மேல் ஓடும்போது எழும் மின் அலை இருக்கிறதே, அதை என்ன ஏது என்று கேட்காமல் நொடிக்கு 4 கோடி முறை அளந்து எண்களாக எழுதிவைக்கிறது. அந்த எண்களிலிருந்து படத்தைப் பிரித்தெடுப்பது பிறகு மென்பொருளின் பாடு. இன்றைய மென்பொருள் சொதப்பினால் நாளைக்கு இன்னும் நல்லது வரும். வட்டை மறுபடி சுழற்ற வேண்டியதில்லை. இதே வழியைப் பின்பற்றி வி.எச்.எஸ். வீடியோ நாடாக்களையும் இப்போது பிரதியெடுக்கிறார்கள். எந்தப் பெரிய நிறுவனமும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த ஆர்வலர் உலகத்திலும் ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது: எது வரைக்கும் மாற்றலாம்? பழைய பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளைக்குள் மஞ்சள் கண்ணாடி போன்ற உறையில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். உறையில் மயிரிழை விரிசல் விழுந்து, உள்ளே ஈரம் புகுந்துவிடும். முப்பது வருடம் கழித்து ஆசையாக ஸ்விட்சைப் போட்டால் சில நிமிடங்களில் படபடவென்று வெடித்து அறை முழுக்கப் புகையும் நாற்றமும். (1980களின் நடுவில் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான். இங்கே எத்தனை அறைகள் புகைந்தனவோ!) அசல் பாகத்தைத் தொடக்கூடாது என்பது ஒரு சாரார் வாதம். எனக்கு இதில் துளியும் தயக்கமில்லை, கழற்றி எறியுங்கள். ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் பென்டிரைவ் செருகும் கோட்டெக் பெட்டியையும் தாராளமாக வையுங்கள். மரக்காலை மாற்றினால் நாற்காலி செத்துவிடாது. ஃப்ளாப்பியில் இருந்ததை பிட் பிசகாமல் எடுத்துவைக்காமல் டிரைவைக் குப்பையில் போடுபவரிடம்தான் எனக்குச் சண்டை.

நம் ஊரில் அந்தக் குப்பை மலையாகக் கிடக்கிறது. யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன் கணினியில் அடித்துத் தமிழில் அச்சான சிற்றிதழ், மலர், பாடநூல் பெரும்பாலும் ஏதோவொரு எழுத்துருவின் தனி விசை முறையில் உறைந்திருக்கின்றன. இவற்றை ‘நவீனப்படுத்தும்’ வேலை நடக்காமல் இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு, யூனிகோட் ஆக்கி, வேலை முடிந்ததென்று மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டுரையாளர் ஆங்கில எழுத்தில் பஸ் என்று எழுதியிருந்தால் அது ‘டிரள’ என்று தமிழாகிவிடும். நான் பார்த்த ஒரு மின்னூலில் இப்படி டிரள ஏறி டிரள இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூலக் கோப்பு இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. இல்லையே.

அதனால் ஃப்ளாப்பியைத் திறப்பதற்கு முன்னாலேயே முழுப் பிரதி எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கோப்பை மட்டுமல்ல, எழுத்துருவையும் அதற்குரிய மென்பொருளையும் சேர்த்து. நூலகங்களும் காப்பகங்களும் நன்கொடையாக வரும் புத்தகத்தை வாங்குவதுபோல டி.டி.பி. கடைகளின் வட்டுகளையும் வாங்கிவைக்கத் தொடங்கலாம். அலமாரியில் ஒரு தட்டு போதும்.

அந்தத் தலபுராணம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அது பாமினி இல்லை. அச்சக உரிமையாளரிடம் கேட்டேன். “அதுவா சார், அந்த வேலைக்குன்னே ஒரு பையன் ஃபான்ட் செஞ்சு குடுத்தான். கிரந்த எழுத்தெல்லாம் எந்தக் கீயில வெச்சான்னு அடிச்ச அக்காவுக்குத்தான் தெரியும். ஃபான்ட் அந்தப் பழைய சிஸ்டத்தோட போச்சு” என்றார். அக்கா இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். போனில் பிடித்தேன். “கீபோர்டு முன்னாடி உக்காந்தா கை தானாப் போகும் தம்பி. வாயால சொல்ல வராது” என்றார்.

ஓசூருக்குப் போகும்போது ஒரு கீபோர்டு எடுத்துப்போக வேண்டும்.