செபம் போதவில்லை என்று சொல்வோருக்கு

"மனத்தைத் திடப்படுத்திக்கொள், நன்றாகச் செபி, எல்லாம் சரியாகிவிடும்." உறக்கமின்றித் தவிப்பவருக்கும், காரணம் தெரியாமல் அழுபவருக்கும், இறந்துவிடலாமா என்று எண்ணுபவருக்கும் நம்மவர் கைவசம் வைத்திருக்கும் ஒரே மருந்து இதுதான். சர்க்கரை நோயாளியிடம் இதைச் சொல்லி இன்சுலினை நிறுத்தச் சொல்பவரை நாம் வாசற்படி ஏறவிடமாட்டோம். உள்ளம் நோயுற்றால் மட்டும் ஆளுக்கொரு மருத்துவராகிவிடுகிறோம். உளச்சிகிச்சை பெறப் போகிறேன் என்று ஒருவர் வாய் திறந்தால், "உனக்கென்ன பைத்தியமா?" என்பது முதற்கேள்வி, "உனக்கு விசுவாசம் இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. முன்னது அறியாமை; பின்னது கொடுமை.

அந்தக் கொடுமைக்கு விடை சொல்ல ஒரு புனிதரையே அழைக்கலாம். 1522-ஆம் ஆண்டு மன்ரேசாவில் தங்கியிருந்த இஞ்ஞாசியார், அதற்குச் சற்றுமுன் தம் வாழ்நாள் பாவங்களை எழுதிவைத்தே ஒப்புரவு அருட்சாதனம் பெற்றிருந்தார். ஆயினும் எதையோ விட்டுவிட்டோம் என்னும் ஐயம் அவரை அரித்தது. மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார், ஐயம் தணியவில்லை. தம் அறையிலிருந்த பெரிய துளை வழியே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுவாக எழுந்ததை அவரே தம் வரலாற்றில் மறைக்காமல் கூறுகிறார். அப்போது அவர் நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் யார் "செபம் போதவில்லை" என்பார்? கடந்த காலப் பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதிகொண்ட பின்னரே அவருக்கு விடுதலை கிடைத்தது.

இஞ்ஞாசியாருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆனால் இத்தகைய தவிப்பு முற்றி வாழ்வையே முடக்கும்போது, அதை ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாக இன்றைய உளவியலார் இனங்காண்கின்றனர். கைகளை நூறுமுறை கழுவுபவருக்கும், சொன்ன பாவத்தையே வாரந்தோறும் சொல்பவருக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான். "பயப்படாதே, மன்னிப்புக் கிடைத்துவிட்டது" என்ற ஆறுதல் ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு ஐயம் முன்னிலும் கொழுத்து வரும். ஆறுதலே அதற்குத் தீனி. 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலார் இதற்கு மாற்றுவழி ஒன்றைக் காட்டினார். அச்சம் தரும் நிலையை நோயாளி எதிர்கொள்ள வேண்டும். அச்சத்தைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். இன்று சிகிச்சையாளர் உடனிருக்க, அச்சங்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, படிப்படியாக இதைப் பழகுகின்றனர். சனிக்கிழமை மாலை நீண்ட வரிசைக்கு நடுவே ஐந்து நிமிடத்தில் இதைச் செய்ய எந்தக் குருவாலும் இயலாது. அவர் பணியும் அதுவன்று. ஒப்புரவு அருட்சாதனம் உளச்சிகிச்சைக்கு மாற்றாகாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே 1993-இல் உளமருத்துவர்களிடம் கூறினார். திருத்தந்தை பிரான்சிசு, தமது 42-ஆம் வயதில் அர்ஜென்டினாவில் யூதப் பெண் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் ஆறு மாதம் வாரந்தோறும் சென்றதை 2017-இல் வெளியான நூலொன்றில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் விசுவாசத்தையும் ஐயுறுவோமா?

"நண்பரிடம் மனம்விட்டுப் பேசினால் போதாதா?" என்பர் சிலர். பல துயரங்களுக்குப் போதும். ஆனால் தாய் அழுவாளே என்று தாயிடம் பாதியை மறைக்கிறோம், மனைவியிடம் மீதியை. அன்பியத்தில் சொன்னாலோ, மறுவாரமே அது பெயர் குறிப்பிடாத செபக் கருத்தாகி ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. சிகிச்சையாளருக்கு நம் குடும்பச் சண்டையில் பங்கில்லை. நாம் சொல்வதைக் காப்பது அவருக்குச் சட்டக் கடமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை உறுதிசெய்கிறது. நம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற, சட்டம் அனுமதிக்கும் சில சூழல்களில் மட்டுமே அவர் வாய் திறப்பார்.

அங்கே அற்புதம் நிகழும் என்று எண்ணிப் போகாதீர்கள். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகளே: உறக்கம், உணவு, குடும்பம், தற்கொலை எண்ணம் உண்டா என்பது வரை. பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். "வேலையை விட்டுவிடு", "அவரை மணந்துகொள்" என்று அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். தீர்ப்பை எதிர்பார்த்துப் போவோர் ஏமாறுவர். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் உண்டு. மூடிவைத்ததைத் திறப்பதால் முதற்சில வாரங்கள் பாரம் கூடியதுபோலவும் தோன்றலாம். பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் வரை செல்லும். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் வேண்டியிருக்கும். அதை எழுதித்தருபவர் உளமருத்துவரே. எல்லாருக்கும் பலன் கிட்டும் என்பதுமில்லை. பல வாரங்களாகியும் மாற்றமில்லையெனில் அதை அவரிடமே கேட்கலாம். வேறொருவரை நாடுவதும் துரோகமன்று.

தகுதியைக் கேட்கவும் தயங்க வேண்டாம். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டி, ஆற்றுப்படுத்துநர் என்று பலகை வைப்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். மருத்துவ உளவியலார் என்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

கட்டணம் என்னும் தடை மெய்யானது. தினக்கூலிக்காரரிடம் அதை மறுத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் அவருக்காகவே உள்ளன. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அது முழுச் சிகிச்சையன்று, முதற்படிதான். திருமண அறிவிப்பும் திருவிழா வரவுசெலவும் ஒட்டும் நம் ஆலய அறிவிப்புப் பலகையில் இந்த ஐந்து இலக்கங்களுக்கு இடமில்லையா?