அடைக்கோழிக்கு ஓர் இடம்

குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயரை நாம் இழந்துவிட்டோம். குப்பைக்கோழிகளின் போரை உவமையாக்கிப் பாடியவர், குப்பைக்கோழியார் என்றே வழங்கப்பெறுகிறார். உவமை நிலைத்தது, அக்கோழி நிலைக்குமா என்பதே என் கவலை.

வெள்ளவத்தையில் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் குடியிருப்பவன் நான். 2022 மார்ச்சில் பண்ணைக் குஞ்சுகள் 30 வாங்கி, பெட்டியிலிட்டு மின்குமிழின் கீழ் வளர்த்தேன். முதல் வாரம் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். நூலறிவுக்குக் குறைவில்லை. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரமாயிற்று. குமிழ் அணைந்தது, குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று ஏறி நெருங்கின. மின்சாரம் மீண்டபோது எஞ்சியவை ஏழே.

அதே கிழமையில் அடுத்த வீட்டு ஆச்சியின் கழுத்துமொட்டைக் கோழி, கடகத்தில் 21 நாள் அடைகிடந்து, பத்துக் குஞ்சுகளோடு முற்றத்தில் இறங்கிற்று. முட்டைகளைத் தானே புரட்டிற்று. ஓட்டினுள்ளிருந்து கீச்சிட்ட குஞ்சுக்கு மறுகுரல் கொடுத்தது. அதற்கு மின்குமிழும் வேண்டியிருக்கவில்லை, வெப்பமானியும் வேண்டியிருக்கவில்லை.

இவ்வறிவு பண்ணைக்கோழியிடமிருந்து எங்கே போயிற்று? அடைகிடக்கும் காலத்தில் கோழி முட்டையிடாது. ஆதலின் பண்ணையாளர், அடைகிடவாக் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பெருக்கினர். வெள்ளை லெகோர்ன் அவ்வழி வந்தது. அவர்களைக் குறை கூறேன். மலிவான முட்டை ஏழைக்கும் எட்டியது அவர்களாலேயே. ஆயினும் பண்ணைக்குக் குற்றமாகிய குணம் வீட்டுக்கு அணியாகும். வணிகக் கலப்பினத்தின் குஞ்சுகள் தாயின் சிறப்பை முழுமையாகப் பெறுவதுமில்லை. ஒவ்வொரு முறையும் விலைகொடுத்தே வாங்கவேண்டும். கழுத்தில் இறகற்ற ஊர்க்கோழியோ, உடல் வெப்பத்தை எளிதில் வெளிவிட்டு நம் வெயிலைத் தாங்குவது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இடமேது, சேவல் கூவினால் அயலார் பொறுப்பரோ என்பீர்கள். நியாயமே. சேவலின்றியும் இப்பணி ஆகும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உறவினரிடமிருந்து கருவுற்ற முட்டைகளை வருவித்து அடைவைக்கலாம். பொரித்தவற்றுள் சேவல்களை ஊருக்கே அனுப்பிவிடலாம். உறவுக்குள்ளேயே பெருகி இனம் நலியாதவாறு, வீடுகள் தமக்குள் முட்டைகளை மாற்றிக்கொள்ளலாம்.

ஏட்டுச்சுவடியைப் பெட்டியிற் பூட்டியும் காக்கலாம். கோழியினத்தை அவ்வாறு காத்தல் இயலாது. அடைவைத்தால் உண்டு, அல்லையேல் இல்லை. என் வீட்டிலும் இப்பொழுது ஒரு கடகம் இருக்கிறது. ஆச்சி தந்த பெட்டைக்கு அதில் இன்று பதினெட்டாம் நாள்.