மழைக்கு முன்னே ஓர் ஊசி

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தால் பழவேற்காட்டுக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். "மழைக் காய்ச்சல்தானே, மூன்று நாளில் போய்விடும்" என்று கஷாயம் குடித்துவிட்டுப் படுப்பார்கள். பெரும்பாலோருக்குப் போயும்விடும். ஆனால் அந்த மூன்று நாளின் விலை என்ன?

ஏரியில் பாடு முறை உண்டு. மீன்படும் இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. தன் முறை வரும் நாளில் காய்ச்சலில் கிடப்பவர் வீட்டில், அடுத்த முறை வரும்வரை கடனில்தான் அடுப்பு எரியும். தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு லீவு என்ற பேச்சே இல்லை. ஆலைத் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது, நோய்க்காலத்தில் கூலியில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். அதுவும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது! வலைக்காரருக்கும் வயல் கூலிக்கும் அந்த எழுபதும் இல்லை.

இன்புளூயன்சா என்னும் இந்தச் சுரம் வெறும் ஜலதோஷமல்ல. முதியோர், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவோ ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகி உயிரைக் குடிக்கும். பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்ட ஆலைத் தோழர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.

1918-ல் இது நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1921 ஜனத்தொகைக் கணக்கில் தேசத்தின் தலைகள் 1911-ஐவிடக் குறைந்திருந்தன. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் மூலம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய காய்ச்சல், பன்னிரண்டே வாரத்தில் தேசமெங்கும் பரவியது. 1958 பிப்ரவரிக்குள் சர்க்கார் கணக்கில் ஏறியவர்கள் 44 லட்சத்துக்கு மேல். செத்தவர்கள் 1,098 பேர். கணக்கில் ஏறாத குடிசைகள் எத்தனையோ!

இதற்குத் தடுப்பூசி உண்டு. வருஷா வருஷம் எதற்கு என்று கேட்பீர்கள். கிருமி ஆண்டுக்கு ஆண்டு வேஷம் மாற்றுகிறது. எந்த ரகங்கள் உலவுகின்றன என்று பார்த்து, உலக சுகாதார ஸ்தாபனம் வருஷத்துக்கு இருமுறை மருந்தின் சேர்மானத்தைச் சொல்கிறது. ஊசி தந்த பலமும் சில மாதங்களில் இறங்கிவிடும். ஆகவே போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்குக் காணாது.

ஊசியே காய்ச்சலைக் கொண்டுவரும் என்பது வீண் பயம். கையில் போடும் மருந்தில் இருப்பது செத்த கிருமி. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு லேசாகச் சுடும், அவ்வளவுதான். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம்: இது நூற்றுக்கு நூறு தடுப்பதில்லை. மருந்து பொருந்திய வருஷத்தில் நோயை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். மீறி வந்தாலும் வேகம் தணியும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் சேரும்.

பலன் தர இரண்டு வாரம் ஆகும். வடக்கே பல ஊர்களில் இந்தச் சுரம் ஆடி, ஆவணியில் உச்சம். நம் சென்னைப் பக்கமோ ஐப்பசி, கார்த்திகையில். எனவே புரட்டாசிக்குள் போட்டாக வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரியில் இதற்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பம் எங்கே போகும்? நாடெங்கும் இலவசமாக நடக்கும் மத்திய சர்க்காரின் தடுப்பூசித் திட்டத்தில் இது சேரவில்லை. மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. மகாராஷ்டிர சர்க்கார் 2015-ல் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கும் ஆவணிக்குள் போதிய மருந்து வரவேண்டும். காசு வாங்காமல் போடவேண்டும். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற இடங்களுக்கு நர்ஸ் நேரில் வரவேண்டும். காலையில் சுகாதார நிலையம் திறக்கும் வேளையில் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு யார் வரிசையில் நிற்பார்கள்? ஆலைகளில் சங்கங்கள் இ.எஸ்.ஐ. மூலம் இதையே கேட்கட்டும். குப்பங்களிலும் சேரிகளிலும் உள்ள தோழர்கள், வீடு வீடாகப் போய் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் எத்தனை பேர் என்று ஜாபிதா எடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த ஜாபிதாவை வைத்துத் தீர்மானம் போடுங்கள். நகல் ஒன்றைக் கலெக்டருக்கு அனுப்புங்கள்.