தெருமுனைப் பலகை

இஸ்திரி போடும் பலகை ஏன் வாழைப்பூ மடலைப்போல ஒரு முனையில் குறுகியிருக்கிறது என்று நேயர்கள் என்றேனும் யோசித்ததுண்டா? நாம் யோசித்ததில்லை. நாற்பத்தாறு வயது வரையில் யோசிக்காமலே சௌகரியமாகக் காலந்தள்ளிவிட்டோம். சென்ற தை மாதம் நம் தமக்கையார் கம்மாபுரத்துக்கு வந்து தங்கியபோதுதான் அந்தக் கேள்வி நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலஞ்சென்ற நம் தாயார் விட்டுப்போன ஆஸ்தி ஒன்பது நூல் சேலைகள். உடுத்த முடியாதபடி நைந்தவை. தூக்கியெறியவும் மனம் வராதவை. அவற்றைக் கட்டங்கட்டமாக வெட்டி இணைத்து, மக்கள் மூவருக்கும் ஆளுக்கொரு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதென்று தமக்கையார் தீர்மானித்தார். அரக்கு நிறச் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்றும் பச்சைச் சேலை ஒன்றும் முதலில் கத்தரிக்கோலுக்கு இரையாயின. தைத்து முடிந்தபின் கட்டத்துக்கு ஆறங்குலம். பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் ஆறடி. கணக்கு நாம் போட்டுக் கொடுத்தது. அதில் பிசகில்லை.

ஆனால் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை நீண்டிருக்கிறது, மற்றொன்று குறைந்திருக்கிறது. மூலைகள் ஒன்றையொன்று பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. அளவுகோலை வைத்துப் பார்த்தோம். கட்டத்துக்கு அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம். பன்னிரண்டு கட்டத்துக்கு அதுவே ஒன்றரை அங்குலம்! "தம்பி, அம்மா சேலையை வெட்டிட்டேனேடா!" என்று தமக்கையார் கண் கலங்கினார். வெட்டிய துணியை வெட்டாததாக்கும் வித்தை எந்தச் சர்வகலாசாலையிலும் கற்பிக்கப்படுவதில்லை.

குற்றம் ஊசியிலுமில்லை, நூலிலுமில்லை. ஒன்றரை அடி அகலங்கூட இல்லாத பலகையில் ஆறடி வரிசையைப் போட்டால், பாதிக்குமேல் இருபுறமும் தொங்கும். தொங்குகிற பாரம் இழுக்க, மேலே சூடான பெட்டியைத் தள்ள, துணி என்ன செய்யும்? பாவின் வழியிலும் ஊடையின் வழியிலும் இழுத்தால் நெய்த துணி அவ்வளவாக நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் ரப்பரைப்போல இசைந்து கொடுக்கும். தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இதைத்தான். ஆண்டுக்கணக்கில் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன சேலைக்கோ இழுத்த இழுப்பெல்லாம் சம்மதம்.

பலகையின் சரித்திரத்தையும் தேடிப் பார்த்தோம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் நியூஹேவன் நகரில் உடைகள் தைத்துப் பிழைத்த சாரா பூன் என்ற மாதரசி, 1892-ம் ஆண்டு ஏப்ரலில், குறுகி வளைந்த ஓர் இஸ்திரிப் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்திரீகளின் சட்டைக் கைகளையும் மேலுடுப்பின் வளைவுகளையும் சுருக்கமின்றித் தேய்ப்பதே அவர் நோக்கம். சட்டைக் கைக்கு அந்தக் குறுகல் வெகு நேர்த்தி. ஆறடிப் போர்வையை அதன்மேல் ஏற்றியது நம் அறியாமையேயன்றி அம்மையாரின் தவறன்று.

அகலப் பலகைக்கு எங்கே போவது? தூரம் போகவேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியே சக்கரம் வைத்த அகலப் பலகையல்லவா! ஒரு சேலையை நாலாய் மடித்துக் கிடத்தினாலும் அதில் இடம் மிச்சமிருக்கும். வரிசைகளை அள்ளிக்கொண்டு அங்கே போனோம். பெரியவர் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "தேய்க்காதீங்க வாத்தியாரே, அமுக்கி அமுக்கி எடுங்க" என்றார். தேய்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் தேய்க்காதே என்கிறார்! ஆயினும் அதுதான் சூட்சுமம். பெட்டியைத் தூக்கி வைக்கவேண்டும், தூக்கி எடுக்கவேண்டும், தள்ளக்கூடாது. தையலைப் பிரித்து விடாமல், இரண்டு மடிப்பையும் கருநிறத் துணியின் பக்கமாகச் சாய்த்து அழுத்தவேண்டும். அப்போது வெளிர்த்துணியின் வழியே மடிப்பு தெரியாது.

மேற்படி பெட்டி கரிப்பெட்டி. நெய்வேலி மின்சாரம் பல மாநிலங்களுக்குப் போகிறது. கூப்பிடு தூரத்து வேப்பமரத்தடியில் இன்னும் கொட்டாங்கச்சிக் கரிதான்! ஒரு காலத்தில் அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த 'லெக்கோ'வும் அடுப்புக்குக் கிடைத்தது, இப்போது இல்லை. திருவண்ணாமலைச் சிறுமி வினிஷா உமாசங்கர், இந்தக் கரியை ஒழிக்கவென்றே சூரிய மின்தகடு பொருத்திய இஸ்திரி வண்டியைத் திட்டமிட்டு, 2020-ல் சுவீடன் நாட்டுப் பரிசு பெற்றதும், 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் பேசியதும் நேயர்கள் அறிந்திருக்கலாம். அத்தகைய வண்டி நம் தெருவுக்கு வரக் காத்திருக்கிறோம். பெரியவரும் புகையில் இருமிக்கொண்டே காத்திருக்கிறார்.

தினந்தோறும் அவருடைய பிழைப்புக்கு இடையூறு செய்வது நியாயமா? ஆகையால் வீட்டிலேயே ஒரு பலகை செய்தோம். ஐந்தடி நீளம், இரண்டடி அகலத்தில் பழைய கதவுப் பலகை. அதன்மேல் பருத்திப் போர்வை இரண்டு மடிப்பு. அதற்குமேல் சாயமில்லாத பழைய வேஷ்டி, இழுத்து அடிப்புறம் ஆணியடித்தது. மெத்தென்று இருக்கட்டுமே என்று பஞ்சை அடைத்துவிடலாகாது. தையல் புதைந்து துணி கோணும். நுரைமெத்தையோ கூடவே கூடாது, சூட்டுக்கு உருகும். இதை மேஜைமேல் போட்டு, துணி முழுவதும் படிந்து கிடக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். வெட்டுமுன் சேலைக்கு இலேசாகக் கஞ்சி போட்டுக்கொண்டால், மூலைவாட்டத்தின் துஷ்டத்தனம் பாதி அடங்கிவிடுகிறது.

வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள், பழந்துணிகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய், 'கவந்தி' என்னும் அழகான போர்வைகளைச் செய்கிறார்கள். கட்டம் பொருந்தவில்லையே என்ற கவலை அவர்களுக்கில்லை. தமக்கையாரிடம் இதைச் சொன்னோம். "அதுக்குக் கை பழகியிருக்கணும், தம்பி" என்றார். வாஸ்தவம்.

மிச்சமிருந்த ஏழு சேலைகளில் மூன்றைப் புதுப் பலகையில் அழுத்தித் தைத்தாயிற்று. மூலைகள் பொருந்துகின்றன. அரக்கும் பச்சையுமான அந்தக் கோணல் வரிசைகளை அப்படியே இணைத்து நாம் வாங்கி வைத்துக்கொண்டோம்; தமக்கையாருக்கு அதில் இன்னும் வருத்தம். பலகை இப்போது கூடத்தில் கிடக்கிறது. மாணவர்களின் விடைத்தாள்கள் அதன்மேல் குவிந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தமக்கையார் வருகிறார். அதற்குள் திருத்தி இறக்கியாகவேண்டும்.